சூளையின் அகமும் அளவும்

தோற்றுவாய்

சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது புலவர் ஐயூர் முடவனார் அமைச்சரை நோக்கியோ படைத்தலைவரை நோக்கியோ பாடவில்லை. மண்கலம் வனையும் குயவரை நோக்கிப் பாடினார். புறநானூற்றின் 228ஆம் பாட்டு அது. அத்தகைய பெருவேந்தனை அடக்கவல்ல தாழியை உன்னால் வனைய இயலுமோ என வினவும் அப்பாட்டில், குயவர் சூளையின் கரும்புகை வானில் திரண்டு நிற்கும் காட்சியும் இடம்பெறுகிறது. பாட்டைப் பயில்கிறோம், புகையை வியக்கிறோம். ஆனால் அப்புகைக்கு அடியிலுள்ள சூளை எவ்வாறு கட்டப்படுகிறது, அதன் உட்புறம் எத்தகையது, அதன் நீள அகலங்களை எவர் எதனைக்கொண்டு வகுக்கின்றனர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வினா எம்முன் வந்து நின்றது ஒரு மாணவரின் வாயிலாக. திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அவர் மண்பாண்டத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். பொங்கல் பானையும் கார்த்திகை அகலும் ஆண்டில் சில வாரங்களே விலைபோகின்றன. எஞ்சிய மாதங்களிலும் அடுப்பெரிய வேண்டுமென்றால் மெருகிட்ட ஊறுகாய் ஜாடிகளைச் சுட வேண்டும் எனக் குடும்பத்தார் எண்ணினர். மெருகு என்பது பாண்டத்தின்மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு. கடன் பெற்று, வீட்டுக்குப் பின்புறம் புதுச்சூளை ஒன்று கட்டினர். வெப்பம் உள்ளேயே எதிரொளிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, உட்சுவரிலும் வளைவிலும் சுண்ணாம்பை இருமுறை அடித்தனர். சூளையைத் திறந்த அன்று, பச்சை நிறக் கண்ணாடித் துளிகள் வளைவிலிருந்து சொட்டி ஜாடிகள்மீது இறுகிக் கிடந்தன. இரண்டு மாத உழைப்பு ஒரே இரவில் பாழாயிற்று.

“ஐயா, சுண்ணாம்பு ஆகாது என்றால் வேறு எந்தப் பூச்சை அடிப்பது?” என்று அம்மாணவர் கேட்டார். வேதியியல் துறை நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றோம். அங்குக் கண்டதும், பின்னர்ப் படித்தறிந்ததும் இக்கட்டுரையாக விரிகின்றன.

நம் வட்டாரத்தின் மண்ணும் தீயும்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. இப்பகுதி மண்கலைக்குப் புதியதன்று. அண்டையிலுள்ள வில்லியனூரின் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, உள்நாட்டுப் பாண்டங்களும் உரோமானியச் சாடிகளும் ஒருங்கே கிடைத்த இடம். 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’ என்ற மட்கலப் பட்டறையை நிறுவினர். அங்குப் பயின்றோர் பலர் இந்தியாவெங்கும் மெருகிட்ட கற்பாண்டங்களைச் செய்து பெயர் பெற்றனர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மரக்காணம் கடற்கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள் உள்ளன. மண்ணும் விறகும் கையெட்டும் தொலைவில் இருக்கின்றன; குறைவது சூளையைப் பற்றிய தெளிவே.

வினாக்களின் வரிசை

மாணவர் கேட்ட வினா தவறானதன்று. ஆனால் இறுதியில் கேட்க வேண்டியதை அவர் முதலில் கேட்டார். சூளை கட்ட முற்படுவோர் பின்வரும் வரிசையில் சிந்திப்பது நலம்: எதைச் சுடப்போகிறோம்? அதற்கு எவ்வளவு வெம்மை வேண்டும்? எந்த விறகு? ஒரு முறைக்கு எத்தனை பாண்டம்? அதற்கு எவ்வளவு இடம்? அவ்விடத்தை எந்தச் செங்கல்லால் சூழ்வது? இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்தபின்னரே அச்செங்கல்லின்மேல் எதைப் பூசுவது என்ற வினா எழ வேண்டும்.

நாட்டுப் பானைகள் பெரும்பாலும் 700 முதல் 900 பாகை செல்சியசுக்குள் சுடப்படுகின்றன. அவ்வெம்மையில் நாட்டுச் செங்கல்லும் களிமண் சாந்தும் தாக்குப்பிடிக்கும். ஊறுகாய் ஜாடி போன்ற கற்பாண்டத்துக்கு 1200 பாகைக்கு மேல் வேண்டும். அங்கே நாட்டுச் செங்கல் இளகிவிடும். ஏரியிலிருந்து எடுக்கும் செம்மண்ணும் உப்பித் தளரும். ஆகவே ஜாடி செய்யத் துணிபவர் மண்ணை, செங்கல்லை, விறகின் அளவை ஒருங்கே மாற்ற வேண்டும். குறைந்த வெம்மையிலேயே மெருகு உருகட்டும் என்று ஈயம் கலப்பது பெருந்தீங்கு. ஊறுகாயின் புளிப்பு அவ்வீயத்தைக் கரைத்து உண்பவர் உடலில் சேர்க்கும்.

அளவு

சூளையின் அளவைச் சுவரிலிருந்து தொடங்கி வகுக்கக் கூடாது. உள்ளே அடுக்கும் தட்டிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வகுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் அடிச் சதுரத் தட்டுகளைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அகலவாக்கில் இரண்டு, ஆழவாக்கில் மூன்று எனத் தட்டுகளை வைத்தால் அகலம் 24 அங்குலம், ஆழம் 36 அங்குலம். தீ மேலெழுந்து செல்ல இருபுறமும் நாலரை அங்குல வழியும், தட்டுகளை எடுத்துவைக்கக் கைபுகும் இடமும் சேர்த்தால் உள்ளகலம் மூன்றடி ஆகும். உயரத்தையும் மூன்றடியாகக் கொண்டால் உள்ளிடம் ஒரு கனசதுரமாக அமையும். தீ மேலே சென்று கீழே இறங்கிப் புகைபோக்கியை அடையும் சூளைக்குக் கனசதுரமே ஏற்றது என்பது அனுபவமிக்கோர் கருத்து. தீக்காப்புச் செங்கல்லின் அளவு 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம். மூன்றடி என்பது நான்கு செங்கல் நீளம். எனவே கல்லை உடைக்கும் வேலையும் குறைகிறது.

பெருஞ்சூளை இலாபம் தரும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் ஓரளவு உண்மை உண்டு. மூன்றடிக் கனசதுரத்தின் கொள்ளளவு 27 கனஅடி. உட்பரப்பு 54 சதுர அடி. நான்கடிக் கனசதுரத்துக்கு முறையே 64 கனஅடி, 96 சதுர அடி. கொள்ளளவு இரு மடங்குக்கு மேல் பெருகியும், வெப்பத்தை உண்ணும் சுவர்ப்பரப்பு இரு மடங்கைக்கூட எட்டவில்லை. ஆனால் இக்கணக்கு நிரம்பிய சூளைக்கே பொருந்தும். பாதி நிரம்பிய பெருஞ்சூளை, நிரம்பிய சிறுசூளையினும் கூடுதலான விறகை விழுங்கும். அன்றியும் ஒரு தவறு நேர்ந்தால் இழப்பு 64 கனஅடிக்கு உரியதாகும். தொடக்கநிலையினர் ஒரு மாதத்தில் தம்மால் எத்தனை பாண்டம் வனைய இயலுமோ அத்தனைக்கே சூளையைக் கட்டுவது அறிவுடைமை.

இனி, காற்றோட்டம். விறகுச் சூளை மூச்சுவிடுவது புகைபோக்கியின் வழியே. தீ கீழிறங்கும் ஒவ்வோர் அடிக்கும் மூன்றடிப் புகைபோக்கி, கிடையாகச் செல்லும் ஒவ்வொரு மூன்றடிக்கும் ஓரடிப் புகைபோக்கி என்பது பிரெடரிக் ஓல்சன் 1973இல் வெளியிட்ட சூளை நூலில் காணும் விதி. நம் எடுத்துக்காட்டில் தீ இறங்குவது மூன்றடி, அதற்கு ஒன்பதடி. கிடையாகச் செல்வது அறையில் மூன்றடியும் அடிவழியில் ஒன்றரை அடியுமாக நாலரை அடி. அதற்கு ஒன்றரை அடி. ஆகப் புகைபோக்கியின் உயரம் பத்தரை அடி. அதன் உள்ளகலம் அறையின் அகலத்தில் நான்கிலொரு பங்கு, அதாவது 9 அங்குலம். விறகு எரியும் கம்பித்தட்டின் பரப்பு, புகைபோக்கியின் குறுக்குப் பரப்பைப்போல் பத்து மடங்கு இருத்தல் வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது 81 சதுர அங்குலம். பத்து மடங்கு 810. அதை இரண்டு அடுப்புவாய்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்கு இருபத்திரண்டரை அங்குலம். இவையும் செங்கல் அளவுக்குள் அடங்குவன. சூளை சூடேறவில்லை என்று வருந்துவோர் பலர் உட்பூச்சை மாற்றிப் பார்க்கின்றனர். உண்மையில் குறை புகைபோக்கியிலோ அடுப்புவாயிலோ இருக்கும்.

சுவர்

நம் மூன்றடி அறையை ஒன்பது அங்குலக் கனத்தில் ஆறு பக்கமும் சூழ, வளைவின் மிகுதியையும் அடுப்பையும் சேர்க்காமல், ஏறக்குறைய 910 செங்கற்கள் வேண்டும். கனமான தீக்காப்புச் செங்கல் ஒன்று ஏறத்தாழ 4 கிலோ. ஆகச் சுவரின் எடை மூன்றரை டன்னுக்கு மேல். உள்ளே வைக்கும் பாண்டமோ சில நூறு கிலோவே. விறகின் பெரும்பகுதி பாண்டத்தைச் சுடுவதற்கன்று, சுவரைச் சுடுவதற்கே செலவாகிறது என்பது இதனால் விளங்கும்.

இதற்குத் தீர்வு சுவரை இரண்டடுக்காகக் கட்டுவது. உள்ளடுக்கு நாலரை அங்குலம் கனமான தீக்காப்புச் செங்கல். அதற்கு 366 கற்கள். வெளியடுக்கு நாலரை அங்குலம் வெப்பம் கடத்தாத இலேசான செங்கல். அதற்கு 546 கற்கள். இலேசான கல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் எடை பாதிக்கும் குறைவு. மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். இலேசான கல்லையே உட்புறமும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். எரிவாயுச் சூளைக்கும் மின்சூளைக்கும் அது பொருந்தும். விறகுச் சூளையில் பறக்கும் சாம்பல் அதன் துளைகளில் புகுந்து அரித்துவிடும். பணவசதி இல்லாதோர் வெளியடுக்குக்குப் பதிலாகக் களிமண்ணும் நெல் உமியும் பிசைந்து கனமாகப் பூசலாம். உமி எரிந்து போன இடங்கள் காற்றறைகளாகும். இது நம் முன்னோர் நன்கறிந்த முறையே.

உட்பூச்சு

இப்போது மாணவரின் வினாவுக்கு வருவோம். சுண்ணாம்பு ஏன் ஆகாது? சுண்ணம் தனியே 2500 பாகைக்கு மேலும் உருகாது. செங்கல்லிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் அவ்வாறே எளிதில் உருகாதவை. ஆயின் இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால் 1170 பாகையிலேயே உருகத் தொடங்கும் கலவை உண்டு. தனித்தனியே உறுதி வாய்ந்தவை கூடியபோது தளர்கின்றன. அவ்வூர்ச் சூளையில் சொட்டிய பச்சைத் துளிகள் சுண்ணாம்பும் செங்கல்லும் கலந்துருகிய கண்ணாடி. பச்சை நிறம் செங்கல்லின் இரும்பால் வந்தது. வெண்மை வெப்பத்தை எதிரொளிக்கும் என்ற கருத்தும் இங்குச் செல்லாது. மூடிய சூளையுள் சுவரும் பாண்டமும் ஒரே வெம்மையில் கனன்று ஒளிரும்போது வெள்ளை, கறுப்பு என்ற வேறுபாடே கண்ணுக்குத் தெரிவதில்லை. சிமெண்டும் அவ்வாறே விலக்கத்தக்கது. கடுஞ்சூட்டில் அது பிடிப்பிழந்து உதிரும். செங்கற்களை இணைக்கத் தீக்களிமண்ணும் பொடித்த சுட்டமண்ணும் கலந்த மெல்லிய குழம்பே போதும்.

பூச்சு எதற்காக என்பதை ஒட்டியே எதைப் பூசுவது என்பது அமையும். அதனை மூன்று வகையாகக் கூறலாம்.

முதலாவது, நாட்டுப்பானைச் சூளை. 900 பாகைக்குள் இயங்கும் இதற்கு விலைகொடுத்து வாங்கும் பூச்சு எதுவும் வேண்டா. ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் களிமண்ணும் மணலும் ஓட்டுத்தூளும் பிசைந்து வெடிப்புகளை அடைத்தாலே போதுமானது.

இரண்டாவது, மெருகிட்ட பாண்டம் சுடும் சூளை. இங்குப் பூச்சு வேண்டுவது சுவருக்கன்று, தட்டுகளுக்கு. மெருகு வழிந்தால் பாண்டம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கவே பூச்சு. அலுமினாத் தூளும் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணும் சமபங்கு எடுத்து, பால் பதத்தில் நீரில் கரைத்து, தட்டின் மேற்புறம் மட்டும் பூச வேண்டும். பச்சைக் கயோலின் சூடேறும்போது தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை நீராக இழந்து சுருங்கும். அதனால் பூச்சு வெடித்து உரியும். கயோலினில் பாதியை மெருகிடாத பானையில் இட்டு முன்கூட்டியே ஒருமுறை சூளையில் சுட்டெடுத்தால் இக்குறை நீங்கும். பூசுமுன் தட்டை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். கனமாக ஒருமுறை பூசுவதினும் மெல்லியதாக இருமுறை பூசுவதே சிறந்தது. வளைவின் உட்புறத்தில் இதைப் பூசவே கூடாது. எவ்வளவு நல்ல பூச்சும் ஒருநாள் உரியும்; வளைவிலிருந்து உரிவது பாண்டத்தின்மேல்தான் விழும்.

மூன்றாவது, உப்பு மெருகுச் சூளை. சூளை உச்சவெம்மையில் இருக்கும்போது உப்பை எறிந்தால் அது ஆவியாகி, மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடிப் பாண்டத்தின்மேல் மெருகாகும். ஐரோப்பாவில் ஜெர்மானியர் வளர்த்த முறை இது. மரக்காணம் உப்பளம் அருகிருப்பதால் நம்மவர்க்கு இதில் ஆசை எழக்கூடும். ஆனால் அவ்வாவி பாண்டம் எது, சுவர் எது என்று பார்ப்பதில்லை. செங்கல்லின் சிலிக்காவையும் உண்டு சுவரைக் கண்ணாடியாக்கும். நச்சுத்தன்மை வாய்ந்த அமிலப் புகையும் வெளிப்படும். குடியிருப்புகளுக்கு நடுவே இது தகாது. இத்தகைய சூளைக்கே சுவரிலும் அலுமினா மிகுந்த பூச்சு வேண்டும். அதில் சிலிக்காத்தூள் கலத்தல் ஆகாது. விறகுச் சாம்பலிலும் பொட்டாசும் சுண்ணமும் இருப்பதால் அடுப்புவாய்க்கு எதிரேயுள்ள சுவருக்கு மட்டும் இதே பூச்சை மெல்லியதாக அடிக்கலாம்.

இவையன்றி, பீங்கான் நாரால் ஆன மெத்தையை உட்புறம் பதித்து அதன்மேல் பூசும் விலையுயர்ந்த பூச்சுகளும் உள. அந்நார்த் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்குமூடியின்றி அதைக் கையாளக் கூடாது. அலுமினா, கயோலின் தூள்களைக் கலக்கும்போதும் இவ்வெச்சரிக்கை வேண்டும்.

பழைய நூல் ஒன்றின் சான்று

பாரசீகத்தின் காஷான் நகரில் தலைமுறை தலைமுறையாக மட்கலம் செய்த குடும்பத்தில் தோன்றியவர் அபுல் காசிம். அவர் ஹிஜ்ரி 700இல், அதாவது கி.பி. 1301இல், இக்கலையைக் குறித்து எழுதி வைத்தார். கோபுரம்போல் உயர்ந்த சூளையின் உட்சுவரில் சுட்டமண் முளைகளை வரிசையாகச் செருகி அவற்றின்மேல் பாண்டங்களை வைத்ததையும், பன்னிரண்டு மணிநேரம் சீராகத் தீயிட்டதையும், ஒரு வாரம் ஆறவிட்ட பின்னரே கலங்களை வெளியே எடுத்ததையும் அவர் குறிப்பிடுகிறார். புகை வராதிருக்க விறகின் பட்டையை உரித்து எரித்த ஊர்களையும் சொல்கிறார். சூளையின் உள்ளமைப்பு, தீயின் அளவு, விறகின் தன்மை, பொறுமை ஆகிய நான்கையும் அவர் சேர்த்தே பேசுகிறார் என்பது கருதத்தக்கது. தொழில் செய்வோர் குடியில் பிறந்தவர் ஒருவர் அத்தொழிலை எழுத்தில் வடித்தமையால், எழுநூறு ஆண்டுகள் கடந்தும் நாம் அதை அறிய முடிகிறது.

ஈரமும் முதல் தீயும்

2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்த பெஞ்சல் புயல் மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளை வெள்ளக்காடாக்கியது. அகலும் பொங்கல் பானையும் செய்ய வேண்டிய காலம் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமாகவே அமைகிறது. ஆதலால் சூளையைத் தரைக்கு மேல் ஓரடியேனும் உயர்ந்த மேடையில், கூரையின்கீழ் கட்ட வேண்டும். ஈரம் ஊறிய தளம் விறகைத் தின்னும். சுவரையும் வெடிக்கச் செய்யும். புதுச்சூளைக்கு முதல் தீ சிறுதீயாக நாள் முழுதும் இருக்கட்டும். 100 பாகையைக் கடக்கும்வரை அவசரம் கூடாது. 573 பாகையை ஒட்டி மண்ணிலும் கல்லிலும் உள்ள மணற்கூறு திடீரென விரிகிறது. அங்கும் மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும்.

நிறைவுரை

இவற்றையெல்லாம் அம்மாணவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய்திறவாதிருந்த அவருடைய பாட்டனார் சொன்னார்: “சுண்ணாம்பு வீட்டுச் சுவருக்கு அழகு, தம்பி. சூளைக்கு அழகு உள்ளே வைக்கிற கலம்தான்.” எங்கள் கணக்குகள் எல்லாம் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

அக்குடும்பத்தார் நான்கடிச் சூளையைப் பிரித்துவிட்டனர். நல்ல கற்களைத் துடைத்தெடுத்து, குறைந்தவற்றை மட்டும் வாங்கி, மூன்றடிச் சூளையாகக் கட்டியுள்ளனர். வளைவில் எந்தப் பூச்சும் இல்லை. இக்கட்டுரை எழுதும் நாளில் அது கூரையின்கீழ் உலர்ந்துகொண்டிருக்கிறது. கடன் இன்னும் தீரவில்லை. முதல் தீ இனித்தான்.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பலர் தொழில் செய்வோர் குடும்பங்களிலிருந்து வருகிறீர்கள். உங்கள் பெற்றோரும் பாட்டனாரும் கையால் அறிந்தவற்றை, அளவோடும் சொல்லோடும் தமிழில் எழுதி வையுங்கள். சமுதாயப் பெரியோர்களும் அவ்வெழுத்து அச்சேறத் துணைநிற்க வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட குறிப்பு ஒன்று முன்பே இருந்திருந்தால், ஒரு குடும்பத்தின் இரண்டு மாத உழைப்பு சுண்ணாம்போடு சேர்ந்து உருகியிராது.